மடி நிறைய அக்கி

நேர்ந்துகொள்கிறவர்கள் தங்கள் காலை நேர்ந்துகொள்ள வேண்டும், தங்கள் தலைமுடியை நேர்ந்துகொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் ஏசுதாஸ் என் காலை நேர்ந்துகொண்டார். அதுவும் நான் நினைவில்லாமல் கிடந்த நேரம் பார்த்து.

மைசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். பெண்கள் வார்டில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே நோயாளிகள் போர்வையைச் சரிசெய்துகொள்வார்கள். நடந்து போ என்று யாராவது சொன்னால் எனக்குப் புரியாது, ஓடித்தான் பழக்கம். போன ஆடி மாதம் அந்த வார்டிலிருந்தே டைபாய்டு எனக்கு ஒட்டிக்கொண்டது. எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்த புது மருந்துதான் என்னைப் பிழைக்க வைத்தது என்று நான் சொல்கிறேன். வேளாங்கண்ணி மாதா பிழைக்க வைத்தாள் என்று அவர் சொல்கிறார். மருந்தை அனுப்பி வைத்ததே மாதாதான் என்று பிலோமினா கோயில் சாமியார் நடுவில் புகுந்து சமரசம் செய்துவைத்தார்.

நேர்ச்சை என்னவென்றால், தரங்கம்பாடி வரைக்கும் ரயில். அங்கிருந்து கடலோரமாகவே வேளாங்கண்ணிக்கு நடை. வேளாங்கண்ணி எல்லையை மிதிப்பதற்குள் நான் முந்தானையை விரித்து மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சிக் குடிக்க வேண்டும். அவர் எனக்காகக் கேட்கக் கூடாது. நானே கேட்க வேண்டும்.

"உங்க வாயால நேர்ந்தீங்க, உங்க வாயாலயே பிச்சை கேளுங்க ரீ" என்றேன். மைசூரில் இருந்து இருந்து, புருஷனைக் கூப்பிட எனக்கு அந்த 'ரீ' தான் வரும்.

"உன் உசிருக்குத்தானே ஹில்டா நேர்ந்தேன்? அப்ப நீதானே கேக்கணும்?" என்றார்.

அவருக்கு ரயில்வே பணிமனையில் பிட்டர் வேலை. பாஸ் கிடைக்கும். நாகப்பட்டினத்துக்கே ரயில் போகிறதே, அங்கேயே இறங்கினால் என்ன என்று கேட்டேன். கிட்டத்தில் இறங்கினால் அது வேண்டுதலா, சந்தைக்குப் போகிறதா என்று கேட்டார். இரும்போடு வேலை செய்கிறவரிடம் ரொம்பவும் வாதாட முடியாது.

நடப்பதில் எனக்குப் பயமில்லை. கேட்பதுதான் முடியாது. அதற்குக் காரணம் உண்டு. அப்பா அம்மா போன பிறகு என்னைக் கன்னியர் மடத்தில்தான் விட்டார்கள். நல்லவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாவாடைக்கு ஒரு நன்றி, சோற்றுக்கு ஒரு நன்றி, சோப்புக்கு ஒரு நன்றி என்று வரிசையில் நின்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தேன். முதல் சம்பளம் வாங்கிய அன்றைக்கு, இனி யாரிடமும் எதற்கும் கையேந்துவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த மடத்திலிருந்து இன்னொன்றும் என்னோடு வந்தது. பேச்சு எனக்கு வீட்டுத் தமிழ், ஆனால் அடுப்படி வேலை கற்றது மடத்தின் கன்னட அடுக்களையில். அதனால் அரிசி எனக்கு அக்கிதான், பருப்பு பேளெதான். கடைக்காரச் சீனிவாசனும் தமிழர்தான், அவரிடமும் அப்படித்தான் கேட்பேன்.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வார்டு ஆயா பாப்பம்மாள், கொங்கு எல்லைப் பக்கத்து ராமாபுரத்துக்காரி. நான் படுத்திருந்த நாளெல்லாம் தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து எனக்கு ஊட்டினவள் அவள். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் முதல் வேலையாக அவளுக்கு நல்ல புடவை ஒன்று வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன்.

"ஏனுங்க அம்மிணி, கஞ்சி ஊத்துனதுக்குக் கூலிங்களா?" என்று கேட்டாள். புடவையைத் தொடவில்லை. அதற்குப் பிறகு வார்டில் வேலைப் பேச்சைத் தவிர என்னிடம் வேறு பேச்சே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்காமல் எனக்குத் தூக்கம் வராது, அது என் சுபாவம், அதற்கு நான் என்ன செய்ய?

தை பிறந்து பொங்கல் முடிந்ததும் புறப்பட்டோம்.

மாயவரத்தில் மாறி ஏறிய வண்டி, வயலில் நிற்கிறவர்களோடெல்லாம் பேசிக்கொண்டே போகிற வண்டி. தரங்கம்பாடியில் தண்டவாளம் முடிகிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, பழைய பெரிய வாசல் ஒன்றைத் தாண்டி, தெரு முடியும் இடத்துக்குப் போனால் கடல். நான் அதுவரைக்கும் கடல் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கன்னம்பாடி அணையில் தேங்கி நிற்கிற காவேரித் தண்ணீரைத்தான் பெரிய தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு தண்ணீரை யார் கேட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் கண் கலங்கியது. ஆடியிலேயே போயிருந்தால் இதைப் பார்க்காமல் போயிருப்பேனே என்று நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் ஒரு சிவன் கோயில், அதன் முன்பாதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சமிருக்கிற பாதியில் விளக்கு எரிகிறது. அலை வந்து படியில் மோதுகிற சத்தத்துக்கு நடுவில் குருக்கள் மணியடிக்கிறார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். போனது போக இருப்பதில் விளக்கேற்றுவது எனக்குப் பிடித்திருந்தது.

"இங்க கேக்கறியா?" என்றார் மெதுவாக, மீனவர் தெருவைக் காட்டி.

"அவங்களே அக்கியைக் கடையில வாங்கறவங்க. அவங்ககிட்டப் போய்க் கேக்கறதா?"

"அப்ப அந்தப் பக்கம், வேதக்கோயில் தெருவுல?"

"அது லூத்தரன் கோயில். மாதாவுக்கு நேர்ந்துட்டு அவங்ககிட்ட மடி விரிச்சா நல்லாவா இருக்கும்?"

மைசூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த அவலையும் வெல்லத்தையும் தின்றுவிட்டு நடந்தோம்.

நடை என்றா சொன்னேன்? மணலில் வேகமாக நடக்கப் பார்த்தால் கால் பின்னுக்குத்தான் போகிறது. வார்டில் ஓடுகிற மாதிரி நாலு எட்டு வைத்தேன், மூச்சு வாங்கியது. "நிதானா, ஹில்டா, நிதானா" என்று பின்னாலிருந்து குரல். சவுக்குத் தோப்பு வந்தால் உட்காரச் சொல்வார். தாழம்புதர் நிழல் வந்தால் உட்காரச் சொல்வார். கவிழ்த்துப் போட்ட ஓடம் ஒன்று கிடந்தால் அதிலும் உட்காரச் சொல்வார். "நான் என்ன அடைகாக்கற கோழியா?" என்று சண்டை பிடித்தேன். ஆனால் உட்கார்ந்தால் கண்ணுக்கு வேலை வந்துவிடுகிறது. நண்டு ஒன்று தன் வளையிலிருந்து மண்ணை உருண்டை உருண்டையாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, அதை அது முடிக்கிற வரைக்கும் பார்த்தேன். வலை இழுக்கிறவர்களின் பாட்டில் எந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து மூச்சு விடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். கழிமுகத்துத் தண்ணீரில் நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. மைசூரில் இத்தனை வருஷம் இருந்தும் காரஞ்சிக் கெரெ என்கிற ஏரியில் நிற்கிற பறவையை ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டாம் நாள் அவர் உட்காரச் சொல்வதற்கு முன்பே நான் நிழல் தேட ஆரம்பித்துவிட்டேன்.

டைபாய்டில் என் முடி கொட்டி, அப்போதுதான் கழுத்து வரைக்கும் வளர்ந்திருந்தது. கொண்டை இல்லாத பிடரியில் வெயில் நேராக அடித்தது. கழுத்தெல்லாம் சிவந்து, வேர்க்குரு பொரிந்து, உப்புக் காற்றுப் பட்டால் எரிந்தது. நர்ஸுக்கு இது தெரியாதா? தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நடந்தேன்.

காரைக்கால் எல்லையில் பிரெஞ்சுக்காரர்களின் சுங்கச் சாவடி காலியாகக் கிடந்தது. உள்ளே ஒரு ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஊருக்குள் தெருப்பெயரெல்லாம் பிரெஞ்சில் எழுதியிருந்தது, போலீஸ்காரர் தலையில் இன்னும் சிவப்புத் தொப்பி. ஏசுதாஸ் என்னைப் பார்த்தார்.

"பிரெஞ்சுக்காரங்க ஊர்ல பிச்சையா? நான் சுதந்திர இந்தியாப் பிரஜை" என்றேன்.

"அவங்கதான் நவம்பர்லயே போயிட்டாங்களேடி" என்றார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவர் வற்புறுத்தியிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன், மனசு லேசாகியிருக்கும்.

காரைக்காலைத் தாண்டும் இடத்தில் அரசலாறு. படகில் ஏறி உட்கார்ந்ததும் படகுக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார், இதுவும் காவேரியிலிருந்து பிரிகிறதுதான் என்று. ஏசுதாஸ் உடனே குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினார். "நம்ம ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தண்ணி ஹில்டா! நாம வர்றதுக்கு முன்னாடியே நடந்து வந்திருக்கு பாரு" என்றார். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. "வர்ற வழியில கெட்டுப் போச்சு" என்றேன். படகுக்காரர் சிரித்தார், ஏசுதாஸ் சிரிக்கவில்லை. அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு எதையோ முணுமுணுத்தார்.

அப்போதுதான் கவனித்தேன். அவல் பொட்டலம் குறையவே இல்லை. நான் தின்கிறேன், அவர் தின்னவில்லை. கேட்டால் "சாகு, பசியில்லை" என்றார். போதும் என்பதற்கு எங்கள் வீட்டில் கன்னடச் 'சாகு' தான். ஜெபமாலை கையிலேயே இருந்தது.

திருமலைராயன்பட்டினம் தாண்டி மறுநாள் காலையில் ஒரு சின்ன ஊர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அறுவடை முடிந்த வயல். களத்துமேட்டில் ஒரு புன்னை மரம். அதன் கீழே நின்று அவர் சொன்னார்: "இனிமே நாகூர், நாகப்பட்டினம், எல்லாம் டவுன். அது தாண்டினா வேளாங்கண்ணிதான்." அவ்வளவுதான் சொன்னார். ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க இங்கயே இருங்க. நீங்க பாத்துக்கிட்டு நின்னா எனக்கு வராது" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன்.

முதல் வீட்டு வாசலில் புழுங்கல் நெல்லைக் காயப்போட்டு, ஒரு பெண் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். வடிவு என்று அப்புறம் பெயர் தெரிந்தது.

"என்னா தாயி, யாரு வேணும்?" என்றாள்.

முந்தானையை விரிக்கக் கையைக் கொண்டுபோனேன். கை தோளோடு நின்றுவிட்டது. பிச்சை என்கிற சொல்லை நாக்கில் எடுத்தேன், அது தொண்டைக்குத் திரும்பிப் போனது. மடத்தில் வரிசையில் நின்ற சின்னப் பெண் என் இடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. வாயைத் திறந்தால் வந்தது அடுக்களைக் கன்னடம்தான்.

"அக்கி..." என்றேன். "சொல்ப அக்கி..."

அவள் நெருங்கி வந்து என் கழுத்தைப் பார்த்தாள். "அடிப்பாவி மவளே, செவந்து பொரிஞ்சு கெடக்கே! சொல்பமோ நெறையவோ, அக்கின்னா சும்மா விடப்படாது தாயி. ஒக்காரு, ஒக்காரு" என்று ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். பக்கத்து வீட்டைப் பார்த்து, "வேளாரே! அக்கி எழுதணும், செத்த வாங்க" என்று குரல் கொடுத்தாள்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அக்கி என்றால் இவர்களுக்கு உடம்பில் கொப்புளம் கொப்புளமாகப் படர்கிறதே, அந்த நோய். அதற்குக் குயவர் காவி குழைத்து உடம்பில் உருவம் எழுதுவார். ஆஸ்பத்திரியில் அப்படி எழுதிக்கொண்டு வருகிறவர்களை நானே எத்தனை தரம் அதட்டிக் கழுவி விட்டிருக்கிறேன்! உடனே சொல்லியிருக்கலாம்: எனக்கு அந்த அக்கி இல்லை, நான் கேட்டது அரிசி. ஆனால் அதைச் சொன்னால் அடுத்து பிச்சை என்று சொல்ல வேண்டுமே. பிச்சைக்காரியாக இருப்பதைவிட அக்கிக்காரியாக இருப்பது மேல் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வேளார் வந்தார். ஒரு ஓட்டுச் சில்லில் காவி, கையில் கோழி இறகு. என் பிடரியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிங்கம் எழுதிரட்டா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"எது சின்னதோ அதை எழுதுங்க" என்றேன்.

"சிங்கந்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார். ஈரக் காவி எரிச்சலுக்கு இதமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வடிவு பனையோலை விசிறியை எடுத்து விசிறிக்கொண்டே எந்த ஊர் என்று விசாரித்தாள்.

"மைசூரு."

"மைசூரா! அணையக் கட்டித் தண்ணியப் பூட்டி வச்சிருக்கீங்களே, அந்த மைசூரா?" என்று விசிறியை நிறுத்தினாள். அப்புறம் சிரித்துக்கொண்டு மறுபடி விசிறினாள். "ஆனி பொறந்தா எங்க வூட்டுக்காரரு வானத்தப் பாக்க மாட்டாரு. 'மைசூர்ல மழையாம்மா'ன்னு போற வர்றவங்களக் கேப்பாரு. ஒங்க ஊர்ல பேஞ்சாத்தான் எங்க ஊர்ல நாத்து."

வேளார் சிங்கத்துக்கு வால் போட ஆரம்பித்திருந்தார். அப்போது களத்துமேட்டிலிருந்து யாரோ ஓடி வருகிற சத்தம். ஏசுதாஸ். என்னைச் சுற்றி ஆள் கூடியதும், ஒருத்தர் என் கழுத்தில் ஏதோ செய்வதும் தூரத்திலிருந்து தெரிந்திருக்கிறது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். காய்கிற நெல் மேலேயே வந்து முழங்காலில் விழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹில்டா, திரும்பி வந்துடுச்சா? காய்ச்சலா? நான்தான் தப்புப் பண்ணேன், முதல் நாளே உன்னைக் கேக்க வச்சிருக்கணும்... மாதாவே, அவ மேல கோவப்படாதே, அவளுக்குக் கேட்டுப் பழக்கமில்லை, நான்தான் நேர்ந்தேன், என்னை எடுத்துக்கோ..."

அந்த முகத்தைப் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த முகம். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம். நாங்கள் கட்டிலில் கிடப்பவர்களைப் பார்ப்போம். பெஞ்சில் இருப்பவர்களை 'தள்ளி உட்காருங்க' என்போம். ஆடி மாதம் முழுக்க இவர் அந்த பெஞ்சில் இருந்திருக்கிறார். நான் நினைவில்லாமல் கிடந்ததால் பார்க்கவில்லை. இவருக்கு இந்த வேண்டுதல் விளையாட்டில்லை. நான் கேட்காமல் வேளாங்கண்ணி எல்லையைத் தாண்டினால் நான் செத்துவிடுவேன் என்று இந்த மனிதர் உண்மையாகவே நம்பிக்கொண்டு, பட்டினி கிடந்து, என் சாக்குப்போக்கையெல்லாம் கேட்டுக்கொண்டு என் பின்னால் நடந்து வந்திருக்கிறார்.

நான் எழுந்தேன். பாதி வாலோடு சிங்கம் கழுத்தில் ஈரமாக இருந்தது. முந்தானையை இரண்டு கையாலும் விரித்தேன்.

"அம்மா, எனக்கு அக்கி இல்லை. எங்க ஊர்ல அரிசியைத்தான் அக்கின்னு சொல்லுவோம். நான் செத்துப் பிழைச்சவ. இவர் மாதாவுக்கு நேர்ந்திருக்கார். எனக்கு மடிப்பிச்சை போடுங்க."

தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன் போலிருக்கிறது. வேளார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப இந்தச் சிங்கத்த என்னாங்க பண்றது?"

வடிவு சிரித்த சிரிப்பில் விசிறி கீழே விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெல்லின் மேல் முழங்காலில் இருந்தபடியே ஏசுதாஸ் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப காய்ச்சல் இல்லையா?" என்று கேட்டார். "இல்லை ரீ, எழுந்திருங்க, அவங்க நெல்லை மிதிக்கறீங்க" என்றேன்.

வடிவு உள்ளே போய் முறம் நிறைய அரிசி கொண்டுவந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பிச்சைன்னு ஏன் தாயி சொல்ற? ஒங்க ஊருத் தண்ணில வெளஞ்ச நெல்லு. நீங்க தண்ணி அனுப்புனீங்க, நாங்க அரிசி தர்றோம். சரியாப் போச்சு, வாங்கிக்க."

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். எனக்கு வெட்கமாக இருக்கக் கூடாதென்று ஒரு வழி திறந்துவிட்டாள். சரியாகப் போய்விட்டது என்று வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து நடந்திருக்கலாம். வேறு நாளாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்குச் சரிக்குச் சரி பிடிக்கவில்லை. சும்மா கிடைத்தது வேண்டும் என்று இருந்தது.

"இல்லைம்மா. மழை பெஞ்சது, ஆறு வந்தது. நான் எதையும் அனுப்பலை. பிச்சைன்னே போடுங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு கையால் முறத்தைத் தாங்கி, மறு கையால் அள்ளி அள்ளிப் போட்டாள். "நல்லாரு தாயி. தீர்க்காயுசா இரு" என்றாள். அரிசி வெதுவெதுப்பாக இருந்தது. மடி கனத்தது. அதற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் ஒன்றுமே இல்லை, அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

வேளார் வீட்டுக்குப் போய் ஒரு புதுச் சட்டியோடு வந்தார். "அரிசி வாங்குனா ஆச்சா? எதுல காச்சுவீங்க?" என்று என்னிடம் நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன். சிங்கத்துக்கு வாலை முடித்துவிடச் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் அவர் மனசு கஷ்டப்படுமே.

புன்னை மரத்தடியில் கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சினோம். வடிவு உப்பும் மாவடுவும் கொடுத்தனுப்பினாள். முதல் வாய் நான் குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், இறங்குகிறதா என்று. இறங்கியதும் அப்படியே மரத்தில் சாய்ந்துகொண்டு அழுதார். நான் அழவிட்டேன். அப்புறம் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்கும் உண்டா?"

"பிச்சைக்காரி புருஷனுக்கு இல்லாமலா?" என்றேன். மடமடவென்று குடித்தார். "நீங்க நேர்ந்தது நல்லது ரீ" என்றேன்.

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

"சாகு, ஒரு தடவை போதும்."

அங்கிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் நாங்கள் நடந்ததை நடை என்றே சொல்ல முடியாது, அவ்வளவு மெதுவாகப் போனோம். நாகூரில் தர்கா மனோராவைச் சுற்றிப் பறந்த புறாக்களைப் பார்த்துக்கொண்டு ஒரு மத்தியானம் போயிற்று. நாகப்பட்டினத்தில் ஒரு பாய்மரக் கப்பல் தூரத்தில் புள்ளியாகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு இனி அவசரம் இல்லை. இருக்கிற நாளெல்லாம் எனக்கு மடியில் விழுந்த நாள்தானே? மாதா கோயிலில் முழங்காலிட்டபோது எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நன்றி என்று சொன்னேன். மடத்தில் ஆயிரம் தரம் சொன்ன அதே சொல்தான். யாரும் சொல்லச் சொல்லாமல் சொன்னது அன்றைக்குத்தான். பின்னால் இருந்தவர்கள் என் கழுத்துச் சிங்கத்தைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

மைசூர் திரும்பிய மறுநாள் வேலைக்குச் சேர்வதற்கு முன் பாப்பம்மாள் வீட்டுக்குப் போனேன். பழக்கதோஷம், வழியில் ஒரு சீப்பு ரசபாளெ வாழைப்பழம் வாங்கிவிட்டேன். அவள் தெருமுனை வந்ததும் உறைத்தது. அங்கே நின்ற ஒரு மாட்டுக்கு அதைக் கொடுத்தேன். மாடு நன்றாகத் தின்றது.

பாப்பம்மாள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தாள். முகம் இறுகித்தான் இருந்தது. என் கையைப் பார்த்தாள், என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று.

"பாப்பம்மா, பசிக்குது. கஞ்சி இருக்கா?" என்றேன்.

அவள் மறுபடி என் கையைப் பார்த்தாள்.

"வெறுங்கையோடயா வந்தீங்க அம்மிணி?"

"ஆமா."

அந்த இறுக்கம் எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. வாயெல்லாம் பல்லாக உள்ளே திரும்பினாள். பலகை போடுகிற சத்தம் கேட்டது, அப்புறம் அவள் குரல்.

"அக்கிக் கஞ்சிங்களா, ராகிக் கஞ்சிங்களா?"

"எது இருக்கோ, அது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.